லோயர் ஆர்ம் புஷ் கிழிந்தது சாலையால் அல்ல, பொருத்திய முறையால்: வாரண்டி மறுப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
கார் உரிமையாளர் (பெயர், முகவரி, வண்டி எண் ஜாப் கார்டில் உள்ளபடி),
சத்தியமங்கலம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: முன்பக்க லோயர் ஆர்மில் போட்ட ஹெவி டியூட்டி புஷ்கள் வாரண்டி காலத்துக்குள் கிழிந்தது – வாரண்டி மறுப்பை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கோவை ஒர்க்‌ஷாப்பில் என் காரின் முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை) இரண்டிலும் இருந்த பழைய ரப்பர் புஷ்களை (கை சட்டத்தில் மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் வளையங்களை) எடுத்துவிட்டு, நீங்கள் ‘அப்கிரேடு’ என்று சொல்லி விற்கும் ஹெவி டியூட்டி புஷ்களைப் போட்டேன். ஒரு வருடம் அல்லது 20,000 கிலோமீட்டர் வாரண்டி என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது. 7,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஒவ்வொரு ஆர்மிலும் முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு புஷ்களில், இரண்டு பக்கமும் முன் புஷ் கிழிந்துவிட்டது. வாரண்டி கேட்டதற்கு, மோசமான சாலையில் ஓட்டியதால் வந்த சேதம் என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கோரிக்கையை முடித்துவிட்டீர்கள். அந்த முடிவு தவறு. கிழிந்த புஷ்ஷைக் கையில் வாங்கிப் பார்க்காமலேயே அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தேன், கழற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஏன் மாற்ற வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். வண்டி 82,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினாலும் முன்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் கையில் லேசாக அசையும். நாங்கள் மைசூரு பக்கம் போக வேண்டுமென்றால் பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதையில்தான் ஏறி இறங்க வேண்டும். 27 கொண்டை ஊசி வளைவுகள். கரும்பு லாரியும் கர்நாடகத்துச் சரக்கு வண்டிகளும் எதிரே வரும் பாதை அது. இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிரேக் போட்டுத்தான் வர முடியும். அப்படி வரும்போது முன்சக்கரம் தன் இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் நகர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வயதான அப்பாவும் பிள்ளைகளும் வண்டியில் இருப்பார்கள். அதனால்தான் சாதாரண புஷ் போதும் என்று நினைக்காமல், கூடுதல் விலை கொடுத்து உங்கள் ஹெவி டியூட்டி புஷ்ஷைக் கேட்டு வாங்கினேன். விலைக்காக நான் பேரம்கூடப் பேசவில்லை.

வேலை நடந்த அன்று நான் அங்கேயே இருந்தேன். ஆர்மை இறக்கி, பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியதை ஏற்றியது வரை வேலை சுத்தமாக இருந்தது. சுத்தியலால் அடித்து ஏற்றவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அப்புறம் நடந்ததுதான் பிரச்சினை. வண்டி லிஃப்டில் உயரத்தில் நிற்கிறது. முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்குகின்றன. அந்த நிலையிலேயே ஆர்மை கிராஸ் மெம்பரில் (வண்டியின் அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில்) மாட்டி, போல்ட்டை ஏர் கன்னால் கடைசி வரைக்கும் டைட் வைத்தார்கள். குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வெளியே வரவே இல்லை. வண்டியைக் கீழே இறக்கிய பிறகு அந்த போல்ட்டுகளை யாரும் மறுபடி தொடவில்லை. வண்டி நேராக அலைன்மெண்ட்டுக்கு (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலைக்கு) போய்விட்டது.

நான் கோவையில் பம்ப் தயாரிக்கும் பட்டறை ஒன்றில் பல வருடமாக வேலை பார்ப்பவன். கார் மெக்கானிக் இல்லை. ஆனால் ரப்பரும் இரும்பும் சேர்ந்த பாகங்களோடுதான் தினமும் புழங்குகிறேன். அதனால் அன்றைக்கே உங்கள் சூப்பர்வைசரிடம், “சக்கரம் தொங்கும்போதே டைட் வைக்கிறீர்களே, கீழே இறக்கியபின் வைக்க வேண்டாமா?” என்று கேட்டேன். “எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார்” என்றார். இந்தப் புகாரின் வேர் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

நீங்கள் விற்ற புஷ் ரப்பரை இரும்போடு ஒட்டி வார்த்த வகை. வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவே ஒரு இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவில் ரப்பர். போல்ட்டை முடுக்கியதும் நடுக்குழல் கிராஸ் மெம்பரோடு இறுகி அசையாமல் நின்றுவிடும். வெளிவளையம் ஆர்மோடு சேர்ந்து மேலும் கீழும் திரும்பும். அந்தத் திருப்பம் முழுவதையும் தாங்குவது நடுவில் உள்ள ரப்பர்தான். அங்கே எதுவும் வழுக்கிச் சுற்றாது. ஆகவே எந்த நிலையில் போல்ட் இறுகுகிறதோ, அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் இறுக்கினால் ரப்பர் நிம்மதியாக இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது கொஞ்சம் இந்தப் பக்கம், மேட்டில் ஏறும்போது கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி மீண்டுவிடும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலேயே ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. ராத்திரி முழுக்க வண்டி வாசலில் சும்மா நின்றாலும், ஈரத்துணியைப் பிழிந்து பிடித்த மாதிரி அந்த முறுக்கு அப்படியே இருக்கும்.

எவ்வளவு முறுக்கு என்பதை நானே டேப் வைத்து அளந்தேன். என் வண்டியில் ஜாக்கி போட்டுத் தூக்கினால் முன்சக்கரம் 8 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. புஷ் போல்ட்டிலிருந்து, சக்கரத்தோடு சேரும் மூட்டான பால் ஜாயிண்ட் வரை ஆர்மின் நீளம் 35 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 13 டிகிரி வருகிறது. அதாவது வண்டி அசையாமல் நிற்கும்போதே ரப்பர் 13 டிகிரி முறுகி நிற்கிறது. ஒரு வேகத்தடையில் சக்கரம் இன்னொரு 8 சென்டிமீட்டர் மேலே போனால் அது 26 டிகிரி ஆகிறது. சரியாகப் பொருத்தியிருந்தால் அதே வேகத்தடையில் 13 டிகிரியோடு நின்றிருக்கும். இதில் உங்கள் புஷ் சாதாரண புஷ்ஷைவிடக் கடினமான ரப்பர். ரப்பர் கடினமாக ஆக, அதே திருப்பத்துக்கு உள்ளே ஏறும் விசையும் கூடும். பழைய மெதுவான புஷ் இந்தத் தவறைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் ‘அப்கிரேடு’ என்று விற்ற பொருளுக்குத்தான் இந்த இறுக்கும் முறை இன்னும் கண்டிப்பாகத் தேவை.

முதலில் வண்டி நன்றாகவே ஓடியது. ஸ்டீயரிங் கெட்டியாக இருந்தது, சந்தோஷப்பட்டேன். ஆனால் முன்பக்கம் கொஞ்சம் தூக்கின மாதிரி இருந்ததும், சின்னப் பள்ளத்தில்கூட விறைப்பாக அடித்ததும் அப்போதே தெரிந்தது. புது புஷ் செட் ஆகும் என்று போனில் சொன்னீர்கள். செட் ஆகவில்லை. திம்பத்திலிருந்து இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தால் வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. பழைய சத்தமும் திரும்பி வந்தது. அலைன்மெண்ட் சரி பார்த்தால் கொஞ்ச நாள் நிற்கும், பிறகு மறுபடி விலகும். இதற்கிடையில் முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் தேய்ந்து, நைலான் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டன. வெளிப்பக்கம் பார்த்தால் பட்டன் நன்றாக இருக்கிறது. வெளியில் இருந்து பார்க்கும் எவரும் அந்த டயரை நல்ல டயர் என்றுதான் சொல்வார்கள். மழையில் அதோடு இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனசு பதறுகிறது.

உங்கள் ஒர்க்‌ஷாப் வாரண்டியை மறுத்த பிறகு, கோபிசெட்டிபாளையத்தில் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் வண்டியை நான்கு சக்கரமும் மேடையில் நிற்கும்படி ஏற்றி, கீழே குழியில் இறங்கி, முதலில் நடுக்குழலின் விளிம்பிலும் பக்கத்தில் பிராக்கெட்டிலும் சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்தார். பிறகு போல்ட்டைத் தளர்த்தினார். இரண்டு மூன்று மரை கழன்றதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். குழல் தானாகச் சுற்றியது. சாக்பீஸ் கோடு இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு விரல் நகம் அளவுக்கு இடைவெளி. ரப்பர் கிழிந்த பிறகும் மிச்சமிருந்த முறுக்கு அவ்வளவு. மறுபக்கத்திலும் அதேதான். இதை வீடியோ எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். சாலைக்குழியால் கெட்ட புஷ் போல்ட்டைத் தளர்த்தினால் இப்படித் திரும்பாது.

கிழிசலையும் கவனியுங்கள். இரண்டு புஷ்ஷிலும் நடுக்குழலை ஒட்டி, பிறை வடிவில், எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சு வார்த்தது போல ஒரே மாதிரி கிழிந்திருக்கிறது. நம் ஊர்ச் சாலைகளில் ஓரம் உடைந்து கிடப்பது இடது பக்கம்தான். குழிதான் காரணம் என்றால் இடது சக்கரத்துப் புஷ் அதிகம் அடிவாங்கியிருக்க வேண்டும், வலது பிழைத்திருக்க வேண்டும். ஆர்ம் வளையவில்லை, ரிம்மில் ஒரு நசுங்கல்கூட இல்லை, பால் ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது. அடி ஏதும் படாமல் ரப்பர் மட்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கிழிய வேண்டுமென்றால் அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பொறியாளர் யாராவது வேறு காரணம் சொன்னால் எழுத்தில் தரட்டும், படித்துப் பார்க்கிறேன்.

வாரண்டியை மறுத்த அதே மின்னஞ்சலில், இந்தச் சாலைகளுக்குப் பாலியூரித்தேன் புஷ்தான் பொருத்தம், கூடுதல் கட்டணத்தில் போட்டுத் தருகிறோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது என்னை மிகவும் வருத்தியது. பாலியூரித்தேன் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் பட்டாலும் ஊறிப்போகாது, நாள்பட உழைக்கும். ஆனால் அது வேறு வகை. அதில் பெரும்பாலும் குழல் ஒட்டியிருக்காது. உள்ளே வழுக்கிச் சுற்றும். அதனால் சக்கரம் தொங்கும்போது டைட் வைத்தாலும் அது முறுகிக் கிழியாது. உங்கள் ஆட்களின் தவறு வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான். பதிலுக்கு சிலிகான் கிரீஸ் வைத்துப் பொருத்த வேண்டும், காய்ந்தால் கீச்கீச் என்று கத்தும், சாலை அதிர்வு ஸ்டீயரிங் வரைக்கும் வரும். குடும்பத்தோடு போகிற வண்டிக்கு அதைப் போடுவதா வேண்டாமா என்பது நான் முடிவு செய்ய வேண்டியது. நீங்கள் செய்த தவறுக்கு நான் இரண்டாவது முறை பணம் கட்ட மாட்டேன்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. “எல்லா வண்டிக்கும் இப்படித்தான்” என்று உங்கள் சூப்பர்வைசர் சொன்னது உண்மையென்றால், இதே புஷ் போட்டுக்கொண்டு போன மற்றவர்களின் வண்டிகளும் இதே நிலையில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர்களில் பலருக்கு ஏன் வண்டி இழுக்கிறது, ஏன் டயர் உள்ளே தேய்கிறது என்று தெரிந்திருக்காது. சாலையைத் திட்டிக்கொண்டு புது டயர் போடுவார்கள். அவர்களைப் போன் செய்து கூப்பிடுங்கள். தரையில் நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தி, அந்தந்த வண்டிக் கம்பெனி சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்குவது பெரிய வேலை இல்லை. கிழியாத புஷ்ஷை இன்னும் காப்பாற்றலாம்.

என் கோரிக்கை இதுதான். வாரண்டி மறுப்பைத் திரும்பப் பெற்று, நான்கு புஷ்ஷின் விலை, கூலி, அலைன்மெண்ட் கட்டணம் மூன்றையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். தேய்ந்துபோன இரண்டு முன் டயர்களின் விலையில், அவை இன்னும் ஓடியிருக்க வேண்டிய தூரத்துக்கு ஏற்ற பங்கைத் தர வேண்டும். புஷ் கிழிந்ததற்கு உங்கள் பொருத்தும் முறைதான் காரணம் என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய புஷ் இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்ற பதில் எனக்கு வேண்டாம். அந்த வேலையை நான் கோபியிலேயே செய்துகொண்டுவிட்டேன். சாதாரண புஷ்தான் போட்டேன், சக்கரம் தரையில் நிற்கும்போது இறுக்கினார்கள், இழுப்பும் சத்தமும் நின்றுவிட்டது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் ஒர்க்‌ஷாப் கோவையில் இருந்தாலும், நான் குடியிருக்கும் ஈரோடு மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் இடம் தருகிறது. கிழிந்த புஷ்கள் இரண்டும் டயர்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் வந்து பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். எழுத்தில் ஒப்புகை தராமல் எடுத்துப்போக விடமாட்டேன்.

ஜாப் கார்டு, பில், வாரண்டி மறுப்பு மின்னஞ்சல், அலைன்மெண்ட் அறிக்கைகள், போல்ட் தளர்த்தும்போது எடுத்த வீடியோ, டயர் மற்றும் புஷ்களின் படங்கள் அனைத்தையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சத்தியமங்கலம்.