கூரையைப் பிடித்து வைக்கும் வேலை

மன்னார்குடி

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐரோப்பாவில் என்ன பார்த்தீர்கள் என்று நீ கேட்டபோதெல்லாம் நான் "எல்லாம் பார்த்தோம்" என்று முடித்துவிட்டேன். ஈபிள் கோபுரத்தையும் பனிமலையையும் பற்றி அம்மா உனக்கு வேண்டிய மட்டும் சொல்லியிருப்பாள். நம் பள்ளிக்கூடத்துக் கபடித் திடலுக்குக் கூரை போடுவதற்காக உன் வகுப்புத் தோழிகள் பணம் திரட்டுவதும், அதற்கென வரைந்த படத்தை நீ எனக்கு அனுப்பியதும் நல்லதாயிற்று. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான், பயணத்தில் கண்ட விளையாட்டு அரங்கங்களைப் பற்றி உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

மியூனிக் நகரில் எங்கள் பேருந்து நின்றது பி.எம்.டபிள்யூ கார்க் காட்சிக்கூடத்துக்காகத்தான். விலை கேட்கக்கூட உத்தேசமில்லாத கார்களுக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு எதிரே இருந்த ஒலிம்பிக் பூங்காவுக்குப் போய்விட்டேன். 1972 ஒலிம்பிக் போட்டிக்காகக் குந்தர் பேனிஷ் என்ற கட்டடக் கலைஞரின் குழுவும் இலேசான கூரைகளில் வல்லவரான ஃப்ரெய் ஓட்டோவும் சேர்ந்து உருவாக்கிய கூரை அங்கே இருக்கிறது. 1936-இல் பெர்லினில் ஹிட்லர் ஆட்சி நடத்திய ஒலிம்பிக்கையும் அதன் கனத்த கல் அரங்கத்தையும் உலகம் மறக்க வேண்டும், புதிய ஜெர்மனியை வேறு முகத்தோடு காட்ட வேண்டும் என்று விரும்பியே இவ்வளவு இலேசான ஒன்றைத் தேர்ந்தார்கள். அதே போட்டியின்போது பதினொரு இஸ்ரேலியர்களும் ஒரு ஜெர்மானியக் காவலரும் பயங்கரவாதத் தாக்குதலில் உயிரிழந்த கொடுமையும் நடந்தது. அவர்களுக்கான நினைவிடம் 2017-இல் அந்தப் பூங்காவிலேயே அமைக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கூரையின் பரப்பு ஏறத்தாழ 75,000 சதுர மீட்டர், அதாவது நம் ஊர் நில அளவுக் கணக்கில் மூன்று வேலிக்குச் சற்றுக் குறைவு. விளையாட்டு மைதானத்தின் ஒரு பக்கம், உள்ளரங்கம், நீச்சல்குளம் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து செல்லும் அதில் ஓடு, தகரம், கான்கிரீட் எதுவும் கிடையாது. 80 மீட்டர் வரை உயர்ந்த இரும்புக் கம்பங்களிலிருந்து எஃகு வடங்களால் பின்னிய வலை ஒன்று தொங்குகிறது; அந்த வலையின்மேல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பலகைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. வண்ணத் தொலைக்காட்சிக்குப் படம் பிடிக்கும்போது திடலில் கடுமையான நிழல் விழக்கூடாது என்பதும் அந்தப் பொருளைத் தேர்ந்ததற்கு ஒரு காரணமாம். தன் கூரைகளின் வடிவத்தைக் கண்டறிய ஓட்டோ சோப்பு நீர்ப்படலங்களை வைத்துச் சோதனை செய்தவர். கம்பிச் சட்டத்தைச் சோப்பு நீரில் முக்கி எடுத்தால் படலம் தானாகவே மிகக் குறைந்த பரப்புக்குச் சுருங்கி நிற்கும் அல்லவா, அந்த வடிவத்தையே கட்டடத்துக்கும் வழிகாட்டியாகக் கொண்டார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கும் இடத்தில் நான் கீழே பார்த்துக்கொண்டு நடந்தேன். பொதுப்பணித் துறையில் மதகுகளோடு இருந்தவனுக்கு அது பழக்கம். நடைபாதை ஓரத்தில், புல்லுக்கு நடுவே, என் தொடையளவு பருமனுள்ள வடக்கட்டு ஒன்று சாய்வாக இறங்கி ஒரு கான்கிரீட் கட்டைக்குள் புகுந்திருந்தது. அதன் தலைப்பில் இருந்த வார்ப்பு எஃகுப் பூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தேன். மேலே அவ்வளவு இலேசாக மிதக்கும் கூரையின் முழு இழுப்பும் அங்கே வந்து சேர்கிறது. மண்ணுக்குள் போன பகுதியோ நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. தன் எடையாலேயே பிடிக்கும் பெரிய கட்டைகள், ஆழமாக இறக்கிய சுவர்கள், நிலத்துக்குள் துளைத்துச் செருகிய நங்கூரங்கள் என்று இடத்துக்குத் தக்கபடி அமைத்திருக்கிறார்கள். கனமான கூரை கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இலேசான கூரை மேலே பறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை நமக்கு யாரும் ஜெர்மனியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு உனக்கு நினைவிருக்கும். நம் மாட்டுக்கொட்டகையின் தூண்கள் ஒன்றுகூடச் சாயவில்லை. காற்று கொட்டகைக்குள் புகுந்து தகரங்களை அடியிலிருந்து தூக்கியது. அவற்றைப் பிடித்திருந்த ஜே போல்ட்டுகள் பிய்ந்து, தகரங்கள் தென்னந்தோப்பைத் தாண்டி வயலில் கிடந்தன.

ரோமில் பார்த்தது மியூனிக் கூரைக்கு நேர் எதிரானது. மாலையில் எங்களுக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். உடன் வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு டிராம் ஏறிப் போய், இத்தாலியப் பொறியாளர் பியர் லூய்ஜி நெர்வி கட்டிய சிறிய உள்ளரங்கைப் பார்த்தேன். 1957-இல் முடித்த கட்டடம். 1960 ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆட்டங்கள் நடந்த இடம். பூட்டியிருந்தது, ஆனால் வெளியிலிருந்து பார்ப்பதே போதுமானதாக இருந்தது. முன்கூட்டி வார்த்த 1,620 துண்டுகளை இணைத்து அமைத்த கான்கிரீட் குவிமாடத்தை, ஒய் வடிவிலான 36 சாய்ந்த தூண்கள் சுற்றிலும் தாங்குகின்றன. குவிமாடம் வெளிப்பக்கமாகத் தள்ளும் திசையிலேயே தூண்களும் சாய்ந்து மண்ணுக்குள் இறங்குகின்றன; அந்தத் தள்ளலை மண்ணுக்கடியில் வளையமாக ஓடும் அஸ்திவாரம் வாங்கிக்கொள்கிறது. மறைப்பு ஏதும் இல்லை; பாரம் எந்த வழியாகப் போகிறது என்பதை ஒரு பள்ளிப் பிள்ளைகூட விரலால் காட்டிவிடலாம். பயணத்தில் பார்த்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

2005-இல் திறக்கப்பட்ட மியூனிக்கின் புதிய கால்பந்து அரங்கமான அலையன்ஸ் அரீனாவை நெடுஞ்சாலையில் போகும்போது பேருந்திலிருந்தே பார்த்தோம். காற்றடைத்த பிளாஸ்டிக் மெத்தைகள் 2,700-க்கும் மேல் அதன் உடலைப் போர்த்தியிருக்கின்றன. இரவில் சிவப்பாக ஒளிருமாம். பேருந்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு வரவில்லை. எது எதைத் தாங்குகிறது என்பதே அந்தப் போர்வைக்குள் மறைந்துவிடுகிறது.

இப்போது உன் தோழிகள் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். முகப்பு வளைவும், நன்கொடையாளர் பெயர்ப் பலகையும், வண்ண விளக்குகளும் அழகாகவே இருக்கின்றன. ஆனால் தூணின் அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு கோடுகூடப் போடவில்லை. நம்முடையது வண்டல் களிமண். மழைக்காலத்தில் ஊறி உப்பிவிடும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதில் சாதாரணக் குழி எடுத்துத் தூண் நட்டால், நாலு பக்கமும் திறந்த இலேசான தகரக் கூரையைப் புயல் பிடித்து இழுக்கும்போது தூண் அஸ்திவாரத்தோடு கிளம்பிவிடக்கூடும். அடியில் குமிழ்போல் விரிந்த அண்டர் ரீம்டு பைல் என்ற அஸ்திவாரத் தூண் போட்டால், அந்தக் குமிழ் மண்ணைக் கவ்விக்கொள்ளும். மேலிழுப்பையும் தாங்கும், மேல்மண் வெடிப்பும் அதைப் பாதிக்காது. செலவு கூடுதல்தான். முகப்பு வளைவை விட்டுவிட்டால் அந்தச் செலவில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடலாம். பெயர்ப் பலகையைச் சுற்றுச்சுவரில் பதித்துக்கொண்டால் கொடுத்தவர்களுக்கும் மனக்குறை இருக்காது.

நீ இருக்கும் சிங்கப்பூரிலேயே காலாங்கில் 310 மீட்டர் குறுக்களவுள்ள குவிமாடத்தோடு தேசிய விளையாட்டரங்கம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு போய், அதன் கூரை தரைக்கு வரும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பு.

மேட்டூர் அணையை வழக்கம்போல் ஜூன் 12-இல் திறந்தால், வாய்க்காலில் தண்ணீர் வந்த சில நாட்களிலேயே திடலில் ஊற்று மேலேறிவிடும். பிறகு குழி எடுக்க முடியாது. எனவே தோழிகளிடம் இந்த வாரமே பேசி, படம் வரைந்தவரை அஸ்திவாரப் படத்தோடு என்னிடம் அனுப்பச் சொல். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவை நானே கொடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா