பங்குனி வெயிலைப் பழிக்காதே அக்கா

அன்புள்ள அக்கா,

சென்ற வாரம் தொலைபேசியில், "வெயில் வந்துவிட்டது, தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு இனி ஆடியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னாய். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற வீட்டில் பிறந்தவள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை, அக்கா. அக்னி நட்சத்திரம் மே மாதம் 4ஆம் தேதி வாக்கில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பங்குனியையும் சித்திரையின் முதல் பாதியையும் சேர்த்தே பழித்துவிடுகிறோம். எனக்கு ஆண்டின் மிக நல்ல நாட்கள் இவைதாம்.

திருச்சி வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில்தான் நம் மொட்டை மாடியில் குண்டுமல்லி பூத்துக் குலுங்குகிறது. கார்த்திகையில் கவாத்து செய்து, இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நின்ற செடி அது. சாயங்காலம் மொட்டுகளைப் பறிக்க உன் மருமகள் கூடையுடன் எனக்கு முன்னால் படியேறிவிடுகிறாள். மாசிப் பனியில் இந்த மணமும் இல்லை, இத்தனை மொட்டும் இல்லை.

வெண்டையும் அப்படித்தான். காலையில் எழுந்ததும் அதன் பூவைப் பார்க்க வேண்டும். வெளிர் மஞ்சள் இதழ், உள்ளே அடியில் கருஞ்சிவப்பு. மாலைக்குள் சுருங்கிவிடும். பூத்த ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். ஒரு நாள் மறந்தாலும் முற்றிவிடுகிறது. நுனியை ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், அம்மா கடையில் செய்வாளே, அதே சோதனைதான்.

தண்ணீர்தான் உன் கவலை என்று தெரியும். விடியற்காலையில் ஒருமுறை, வெயில் தாழ்ந்தபின் ஒருமுறை ஊற்றினால் போதும். மாலையில் குழாயில் முதலில் வருவது வெந்நீர். அதை வாளியில் பிடித்து ஆறவிட்டுப் பிறகு ஊற்று. மண் தெரியாதபடி சருகோ தென்னை நாரோ போட்டு மூடாக்கு வைத்தால் ஈரம் நிற்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைக் கவனி, பூச்சியைச் செடிக்குச் செடி சுமந்து போவது எறும்புதான். வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும்.

பங்குனி நடுவில் எல்லோருமாக ஏற்காடு போய்வந்தோம். புறப்படும்போது தொட்டிகளை வடக்குச் சுவர் ஓரமாக நெருக்கி வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் ஊற்றினார். அந்த நாட்களில் காய்த்த வெண்டைக்காய் அவர் பங்கு.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போக அம்மா ஜன்னலை இறக்கிக்கொண்டே வந்தாள். மே மாதக் கோடை விழாவின்போது போனால் சாலையிலேயே பாதி நாள் போய்விடும். பங்குனியில் படகுத்துறையில்கூட வரிசை இல்லை. தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியைக் காட்டினேன். உன் மருமகள், "பூச்சியை எப்படி மெல்லும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆனால் நான் உனக்கு எழுத வந்தது காப்பிப் பூவைப் பற்றி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலையில் காப்பி பயிரிட வழிசெய்தார் என்பது நம் பாடப்புத்தகத்தில் வராத செய்தி. நாங்கள் தங்கிய இடத்தை ஒட்டி ஒரு தோட்டம். சவுக்கு மரங்களைப் போல உயர்ந்த சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. நாங்கள் போவதற்கு முன்பே அங்கு பூ மழை, அதாவது காப்பி மொட்டை விரியவைக்கும் முதல் கோடை மழை, பெய்திருந்தது. ஒவ்வொரு கிளையும் கணுவுக்குக் கணு வெள்ளையாக இருந்தது. தேனீக்களின் இரைச்சல் வேறு. தினமும் இரண்டு வேளை காப்பி குடிக்கும் அம்மா அதன் பூவைப் பார்ப்பது இதுவே முதல் முறை. கிளையை வளைத்து முகர்ந்து, "மல்லிகை வாசம்டா" என்றாள். உன் மருமகளோ இட்லிப்பூ மாதிரி இருக்கிறது என்றாள். அவள் சொன்னது சரி, இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள்.

தோட்டத்தில் வேலை செய்த அம்மா ஒருவர் விளக்கினார். மார்கழி, தை, மாசி என்று மழையில்லாமல் காயும்போது மொட்டுகள் அப்படியே உறங்குகின்றன. முதல் கோடை மழை விழுந்து எட்டு, பத்து நாளில் ஒட்டுமொத்தமாக விரிகின்றன. இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். வறட்சி போதாத ஆண்டில் பூ முன்னும் பின்னுமாக வந்து, பழமும் ஒன்றாகப் பழுக்காதாம். அந்த வறட்சி செடிக்கு வேண்டியிருக்கிறது, அக்கா. வெயில் காலம் என்றாலே ஒன்றும் வளராது என்று நீ சொன்னபோது எனக்கு இந்தக் கிளைதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே தொட்டிகளைக் கவிழ்க்காதே. வெண்டையும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் இந்த வெயிலைத் தாங்கும். விதைகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை தஞ்சாவூர் வரும் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வெண்டை விதையை மட்டும் இரவு ஊறவைத்துவிட்டு ஊன்று. பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. அம்மா இப்போதே மாவடு போட்டு வைத்துவிட்டாள்.

அன்புடன்,
உன் தம்பி