மாநகரங்களும் சுழற்காற்றுக்குத் தப்புவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வானளாவிய கட்டடங்களும் மிச்சிகன் ஏரியும் சிகாகோ மாநகரை டொர்னாடோ எனும் சுழற்காற்றிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கை இன்னமும் நிலவுவது கவலையளிக்கிறது. 2024 ஜூலை 15 இரவு, அயோவா மாநிலத்திலிருந்து கிழக்கே விரைந்த புயல்வரிசையின் (வரிசையாக இணைந்து நகரும் இடிமழைப் புயல்களின்) முகப்பில், சிகாகோ வானிலை அலுவலகம் கண்காணிக்கும் பகுதிக்குள் மட்டுமே 32 டொர்னாடோக்கள் உருவாயின. ஒரே நாளில் அங்கு இத்தனை பதிவானது அதுவே முதன்முறை.

அவற்றில் பெரும்பாலானவை வலுக்குறைந்தவை என்று ஆறுதல் கொள்வதை என்னால் ஏற்க இயலவில்லை. புயல்வரிசைக்குள் பிறக்கும் டொர்னாடோ மழைத்திரையில் மறைந்து, சில நிமிடங்களில் தோன்றி அழிந்துவிடுவதால், அதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒதுங்கலாம் என்று காத்திருப்பவருக்கு நேரமே கிடைக்காது. சுழலாமல் நேராக வீசும் காற்றும் மரங்களை வேரோடு சாய்க்கக்கூடியதுதான்.

1990 ஆகஸ்ட் 28 அன்று, அதே மாநகரின் புறநகரான பிளைன்ஃபீல்டில் முன்னெச்சரிக்கை இன்றித் தாக்கிய டொர்னாடோ 29 உயிர்களைப் பறித்தது. இன்று எச்சரிக்கை கைப்பேசிக்கே வருகிறது. அதை அணைத்துவைப்பதுதான் என்னை வருத்துகிறது. அபாயச் சங்குகள் வெளியில் இருப்போருக்காக அமைக்கப்பட்டவை, உறங்குபவரை எழுப்ப அல்ல. நிலவறை இல்லாத அடுக்ககங்களில் வாழ்வோர், கீழ்த்தளத்தில் சன்னலற்ற உள்ளறை எது என்பதை முன்கூட்டியே அறிந்துவைக்குமாறு, கோடைதோறும் தங்கள் நாளிதழ் நினைவூட்ட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்