ரீஸ்டார்ட் செய்யும் முன் கோர் டம்ப் எடுங்கள்

மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்துக் கிளியரிங் அலுவலகங்களில் சர்வர் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கு வணக்கம்.

துறைமுகத்தில் கண்டெய்னர் காத்திருக்கும்போது சர்வர் படுத்தால் உடனே ரீஸ்டார்ட்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அப்பாச்சி வெப் சர்வரின் எர்ரர் லாகில் 'செக்மென்டேஷன் ஃபால்ட் 11' (தொடக்கூடாத மெமரியைத் தொட்டு பிராசஸ் செத்தது) என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறதென்றால் நோய் அப்படியே இருக்கிறது என்று பொருள். வேலை செய்யும் ஒரு சைல்டு பிராசஸ் செத்தால், அதை எழுப்பிய பேரன்ட் பிராசஸ் இன்னொன்றை எழுப்பிவிடும். பில் போட உட்கார்ந்தவருக்கு வெற்றுப் பக்கம், நமக்கு லாகில் ஒரு வரி. எந்த ஃபங்ஷனில் செத்தது என்பதை அந்த வரி சொல்லாது. சாகும் நொடியில் மெமரியில் இருந்ததைப் பதிந்து வைக்கும் கோர் ஃபைல், அதாவது கோர் டம்ப்தான் சொல்லும்.

"கோர் டம்ப் ஆன் பண்ணினேன், ஃபைலே வரலை" என்று பலர் சொல்வதுண்டு. பெரும்பாலும் காரணம் இதுதான்: டெர்மினலில் யூலிமிட்டை (கோர் ஃபைலின் அளவு வரம்பை) மாற்றினால் அது அந்த ஷெல்லுக்கு மட்டுமே. லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி எழுப்பும் சர்வீஸுக்கு அது போய்ச் சேராது. சர்வீஸ் ஃபைலிலேயே 'லிமிட்கோர்' என்பதை 'இன்ஃபினிட்டி' என்று வைக்க வேண்டும். அடுத்தது டைரக்டரி. அப்பாச்சி சைல்டு ரூட்டாக (முழு அதிகாரமுள்ள யூசராக) ஓடுவதில்லை, கோர் ஃபைல் வழக்கமாகப் போகும் சர்வர் ரூட் டைரக்டரியில் எழுத அதற்கு அனுமதி கிடையாது. அது எழுதக்கூடிய தனி டைரக்டரியை 'கோர்டம்ப்டைரக்டரி'யில் கொடுங்கள். டெம்ப் டைரக்டரி வேண்டாம். சர்வீஸுக்குத் தனி டெம்ப் கொடுக்கும் 'பிரைவேட்டெம்ப்' இருந்தால் ஃபைல் வேறெங்கோ போய் ஒளிந்துகொள்ளும். அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் என்றால் 'வொர்க்கர் ஆர்லிமிட் கோர்', 'வொர்க்கிங் டைரக்டரி' இரண்டும் தேவை.

இத்தனைக்குப் பிறகும் வராவிட்டால் டம்ப் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கெர்னலின் கோர் பேட்டர்னைப் பாருங்கள். பைப் குறியில் (|) தொடங்கினால் டம்ப் வேறொரு புரோகிராமுக்குப் போகிறது. உபுண்டுவில் அது கிராஷ் விவரம் சேகரிக்கும் அப்போர்ட்டாக இருக்கலாம். சிஸ்டம்டி வாங்கிக்கொண்டால் 'கோர்டம்ப்சிடிஎல்' கட்டளையில் பட்டியல் கிடைக்கும்.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஒரு சைல்டுக்கு நீங்களே அதே செக்மென்டேஷன் ஃபால்ட்டுக்கான சிக்னல் 11 அனுப்பிச் சோதித்துவிடுங்கள். அப்புறம் ஃபங்ஷன் பெயர்களைக் காட்டும் டீபக் சிம்பல்களைப் போட்டு, ஜிடிபி என்ற டீபக்கரில் பேக்டிரேஸ் (செத்த இடம் வரை வந்த ஃபங்ஷன்களின் வரிசை) எடுத்தால், குற்றவாளி பிஎச்பி எக்ஸ்டென்ஷனா வேறு மாட்யூலா என்று தெரிய நல்ல வாய்ப்பு உண்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஃபைலில் பாஸ்வேர்டு, வாடிக்கையாளரின் செஷன், டிஎல்எஸ் பிரைவேட் கீ (தளத்தின் என்கிரிப்ஷன் ரகசியச் சாவி) எல்லாம் இருக்கலாம். அதை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பேக்டிரேஸை மட்டும், அதையும் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வேலை முடிந்ததும் கோர் ஃபைலை அழித்துவிடுங்கள்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து ஒரு சர்வர்காரன்