1938-ல கட்டின வீடு பழசா புதுசா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்க தெருவுல இன்னொரு வீட்டுக்கும் பச்சை நெட் கட்டிட்டாங்க. தி.நகர்ல பச்சை நெட் கட்டினா என்ன அர்த்தம்னு சின்னப் பசங்களுக்கும் தெரியும், ஒரு மாசத்துல தரைமட்டம், அப்புறம் ஸ்டில்ட் பார்க்கிங், அதுக்கு மேல அடுக்கு அடுக்கா ப்ளாட்டு.

இந்த வீட்ட நாங்க சின்ன வயசுலேந்து கப்பல் வீடுன்னுதான் சொல்லுவோம். வளைஞ்ச பால்கனி, அதுக்கு குழாய் கைப்பிடி, மாடிப்படி இருக்கற இடத்துல ஒரு வட்ட ஜன்னல், சன்ஷேட் ஒரு கோடு மாதிரி வீட்ட சுத்தி வளைஞ்சு ஓடும், மொட்டைமாடி கைப்பிடிச் சுவர்ல 1938னு சிமெண்ட்ல புடைச்சு நிக்கும், பக்கத்துலயே ஒரு ஓம். இந்த ஸ்டைலுக்கு ஆர்ட் டெக்கோன்னு பேருன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்கே தெரிஞ்சுது. ஃபாரின் டிசைன்ல நம்மாளு ஓம் போட்டு வெச்சான் பாருங்க, அதுதான் மெட்ராஸ்.

1920கள்ல மாம்பலம் ஏரிய தூர்த்து உண்டாக்கின ஊரு இது. தியாகராய செட்டியார் பேர ஊருக்கே வெச்சாங்க, பார்க்குக்கு பனகல் ராஜா பேரு, உஸ்மான் ரோடு, நாயர் ரோடு, ஜி.என். செட்டி ரோடுன்னு நீதிக்கட்சிக்காரங்க பேரெல்லாம் தெருவுல இருக்கு, ஏரி மட்டும் மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுங்கற போர்டோட நின்னுடுச்சு. இங்க ஜனங்க வீடு கட்ட ஆரம்பிச்ச நேரம் பாத்து கான்கிரீட்டும் வந்து சேந்துது. தூண் இல்லாம பால்கனிய வெளிய நீட்டறதும் மூலைய வளைக்கறதும் அதாலதான் சுலபமாச்சு. ஆனா நாங்க இருந்த பழைய வீட்டுல கீழ் தளம் மெட்ராஸ் டெரஸ்தான், தேக்கு உத்தரத்து மேல செங்கல்ல குத்தா அடுக்கி சுண்ணாம்பு போட்டது, மே மாசத்துலயும் ஃபேன் ஸ்லோல வெச்சாலே போதுமா இருந்துது. மாடி மட்டும் கான்கிரீட், அங்க மத்தியானம் யாரும் போனதில்ல.

பிரச்சனை என்னன்னா இந்த வீடுங்க ரெண்டுங்கெட்டான். கோயில்னா பழசு, ஐகோர்ட்டு மாதிரி சிவப்பு பில்டிங்னா ஹெரிடேஜ், சிமெண்ட் பூசின வீட்ட யாரு பழசுன்னு சொல்லுவா? பாரிமுனையில 1940-ல கட்டின டேர் ஹவுஸும் இந்த ஸ்டைல்தான், அது கம்பெனி பில்டிங், தப்பிச்சு நிக்குது. மும்பையில இதே மாதிரி கட்டடங்களுக்கு 2018-லயே யுனெஸ்கோ அந்தஸ்து குடுத்தாச்சு, அதுல பல கட்டடம் இன்னிக்கும் ஜனங்க குடியிருக்கற ப்ளாட்டுதான். நம்ம ஊர்லயும் 2012-ல பாரம்பரிய ஆணையத்துக்கு சட்டம் போட்டாங்க, எங்க தெரு வரைக்கும் அது வந்த மாதிரி தெரியல.

இடிக்கறவங்கள திட்ட எனக்கு யோக்கியதை இல்ல. எங்க வீட்ட ஜாயிண்ட் வென்ச்சருக்கு, அதாவது இடத்த பில்டர்கிட்ட விட்டு பதிலுக்கு ப்ளாட்டா வாங்கிக்க, குடுக்க கையெழுத்து போட்ட நாலு பேர்ல நானும் ஒருத்தன். 2019-ல எஃப்எஸ்ஐ, அதாவது மனை அளவப் போல எத்தன மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, ஒன்றரைலேந்து ரெண்டு ஆச்சு, அண்ணன் தம்பி ஆளுக்கொரு ப்ளாட்டுன்னு கணக்கு சரியா வந்துது, ஒழுகற மாடிய எத்தன வருஷம்தான் பூசறது. இடிக்கறப்போ சூரியன் உதிக்கற மாதிரி கதிர் கதிரா இருந்த ஜன்னல் கிரில்ல எல்லாம் மீன்பாடி வண்டில ஏத்தி எடைக்கு போட்டாங்க. கெஞ்சி ஒண்ணே ஒண்ணு வாங்கி வெச்சேன், புது ப்ளாட்ல எந்த ஜன்னலுக்கும் அது சேரல, சர்வீஸ் ஏரியால சாச்சு வெச்சு துணி காயப்போடறோம்.

அதனால இடிக்கவே கூடாதுன்னு சொல்ல வரல. இடிக்க மனு வர்றப்போ மாநகராட்சி ஒரு ஆள அனுப்பி உள்ள வெளிய போட்டோ எடுத்து, அளந்து ஒரு படம் வரைஞ்சு வெச்சுக்கட்டும், ஒரு நாள் வேல. வீட்ட அப்படியே வெச்சுக்கறேன்னு சொல்றவங்களுக்கு, அவங்க கட்டாம விட்ட எஃப்எஸ்ஐய வேற இடத்துக்கு விக்க சுலபமா வழி பண்ணுங்க, சொத்து வரியும் குறைங்க. காசு இழப்பு இல்லன்னா பாதி பேரு இடிக்க மாட்டான், நானே யோசிச்சிருப்பேன்.

கப்பல் வீட்ட ரோட்லேந்தே போன்ல நாப்பது போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், உள்ள விட வாட்ச்மேன் ஒத்துக்கல. உங்க பத்திரிகைலேந்து யாராவது வந்தா ஒருவேளை விடுவாரு. ஜேசிபி திங்கக்கிழமை வருதாம்.

இப்படிக்கு,
தி.நகர் வாசகர்