ஆட்சேபணை கோரி ஒரு விண்ணப்பம்

தென்காசி

அன்புள்ள சந்தானத்துக்கு,

உன் பேத்தியின் காதணி விழாவுக்கு வராமல் போனதற்கு மூட்டுவலியைக் காரணம் காட்டி நான் அனுப்பிய செய்தியை நீ நம்பியிருக்க மாட்டாய் என்று தெரியும்; நம்பியதுபோல் நடந்துகொண்டதற்கு நன்றி. உண்மை என்னவென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் திருநெல்வேலியில் ஒரு கணினிக் கூடத்தில், ஆதார் அட்டையும் நுழைவுச்சீட்டுமாக, என் கடைசி மகளைவிட இளைய பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து ரியல் அனாலிசிஸ் என்ற கணிதப் பாடத்தில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் இருந்த காவலர், பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு அந்த வேப்பமரத்தடியில் உட்காருங்கள் என்று அன்பாக வழிகாட்டினார். எட்டு மாதம் உனக்கு எழுதாததற்கும் இதுதான் காரணம். எழுதினால் உளறிவிடுவேன், உளறினால் நீ சிரிப்பாய். தேர்வு முடியட்டும் என்றிருந்தேன்.

சரோஜாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இந்த வருடம் சாரல் பரவாயில்லை. காஜா அந்த ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லை. கேட்டால் அதே பதில்தான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம், மருமகன் ஒரு டேப்லெட்டை வாங்கிக் கொடுத்து, பக்திப் பாடல் கேளுங்கள் என்றான். நான் அதில் முதலில் கண்டது கில்பர்ட் ஸ்ட்ராங் என்ற கணிதப் பேராசிரியரை. எம்.ஐ.டி.யில் 1999-இல் அவர் நடத்திய லீனியர் ஆல்ஜீப்ரா வகுப்புகள், அந்தப் பல்கலைக்கழகம் தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது இணையத்துக்கு வந்தவை. எண்களை அடுக்கிய ஒரு அணியை ஓர் ஆளின் குணத்தைப் பற்றிப் பேசுவதுபோல அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். 2023-இல் அவர் தம் கடைசி வகுப்பை எடுத்ததை, ஒருநாளும் அவர் முன் உட்காராத நான், சொந்த வாத்தியாரின் பிரிவு உபசாரம்போலப் பார்த்தேன். அங்கிருந்து கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் ஃபிரான்சிஸ் சூ 2010-இல் நடத்திய ரியல் அனாலிசிஸுக்குப் போனேன். அங்கிருந்து நம் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களுக்கு. கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய ரிச்சர்ட் போர்ச்சர்ட்ஸ் ஒரு காகிதத்தில் பேனாவால் எழுதி எழுதி எனக்குக் குரூப் தியரி சொல்லித்தருகிறார், சந்தானம்! நம் கல்லூரியில் ரூடின் எழுதிய அனாலிசிஸ் புத்தகத்தின் ஒரே பிரதி கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்ததும், அதன் முதுகை மட்டும் மூன்று வருடம் தரிசித்துவிட்டு நாம் வெளியே வந்ததும் உனக்கு மறந்திருக்காது.

அந்த ஏக்கமோ என்னவோ, கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டேன். ஆலன் ஹாட்சர் தம் டோப்பாலஜி புத்தகத்தை அச்சிலும் விற்கிறார், முழுவதையும் தம் பக்கத்தில் இலவசமாகவும் வைத்திருக்கிறார்; இறக்கிக்கொண்டேன். பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் என்ற ஆய்வுக்கட்டுரைக் களஞ்சியத்தில், 2002 நவம்பரில் பெரல்மான் எந்த இதழுக்கும் அனுப்பாமல் ஏற்றி வைத்த, வெகுகாலம் தீராதிருந்த புவங்கரே கணிப்புக்கு வழி திறந்த கட்டுரையின் முதல் பக்கத்தை இந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன்; தலைப்புக்கு அப்பால் ஒரு வரி புரியவில்லை, ஆனாலும் பார்த்தேன். ஆல்ஜீப்ரேயிக் ஜியோமெட்ரிக்கென்று ஸ்டாக்ஸ் ப்ராஜெக்ட் என ஓர் இணையப் புத்தகம், ஏழாயிரம் பக்கத்துக்கு மேல், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதை அடுத்த பிறவிக்கு ஒதுக்கிவிட்டேன்.

தேர்வில் 81 வாங்கினேன். யார் நடத்திய படிப்பு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் நீ அங்கே யாரையாவது தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிப்பாய். சான்றிதழை அச்செடுத்து வைத்திருக்கிறேன். சரோஜா அதைச் சுவரில் மாட்டச் சொன்னாள், கிண்டலாகத்தான் என்று நினைக்கிறேன்.

மாட்டாததற்குக் காரணம் இருக்கிறது, இந்தக் கடிதமே அதைச் சொல்லத்தான். இரு முனைப் புள்ளிகளும் சேர்ந்த மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக உள்ள சார்பு எதுவாயினும் அங்கே சீரான தொடர்ச்சியும் உடையது என்ற தேற்றத்தை, எந்தப் பாடத்தையும் பார்க்காமல் நானாகவே நிரூபித்து, மார்ச் மாதத்திலேயே நோட்டில் எழுதிக் கட்டம் கட்டி வைத்திருந்தேன். சார்பின் மதிப்பு எப்சிலான் என்ற அளவுக்குமேல் மாறாமல் இருக்க, புள்ளி எவ்வளவு தூரம் நகரலாம் என்பதுதான் டெல்டா; ஒரே டெல்டா எல்லாப் புள்ளிக்கும் போதுமென்றால் அது சீரான தொடர்ச்சி. நிரூபணம் நான்கே வரி. எப்சிலான் ஒன்றைத் தந்தால், சார்பு ஒவ்வொரு புள்ளியிலும் தொடர்ச்சியானது என்பதால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டெல்டா கிடைக்கிறது, அந்த டெல்டாக்கள் எல்லாவற்றிலும் மிகச் சிறியதை எடுத்துக்கொண்டால் அது எல்லாப் புள்ளிக்கும் பொருந்தும், முடிந்தது. தேர்வு முடிந்த இரண்டாவது வாரம், தூக்கம் வராத ஓர் இரவில் நோட்டைப் புரட்டியபோது, இந்த நான்கு வரியில் இடைவெளி மூடியது என்ற செய்தியை நான் எங்கே பயன்படுத்தினேன் என்று தேடிப் பார்த்தேன். எங்குமே பயன்படுத்தவில்லை.

வயிற்றைப் பிசைந்தது. எழுந்து, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலான, முனைகள் சேராத திறந்த இடைவெளியில் 1/x-ஐ எடுத்து, எப்சிலானை 1 என்று வைத்துக்கொண்டு டெல்டாவைக் கணக்கிட்டேன். புள்ளி 1/2 என்றால் டெல்டா 1/6 வரை போகலாம். 1/10 என்றால் 1/110. 1/100 என்றால் 1/10100. பூஜ்யத்தை நெருங்க நெருங்க டெல்டா கரைந்துகொண்டே போகிறது. எல்லாவற்றிலும் சிறியது என்று கையில் பிடிக்க ஒன்றுமே மிஞ்சவில்லை. என் நான்கு வரி நிரூபணமோ இந்த 1/x-க்கும் சீரான தொடர்ச்சி உண்டு என்று கூசாமல் சான்றளிக்கிறது! எண்ணற்ற டெல்டாக்கள் பூஜ்யத்தை நோக்கிக் கரைந்து, சிறியது என்று ஒன்று இல்லாமலே போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு மாதம் ஒரு பொய்யைக் கட்டம் கட்டி வைத்திருந்திருக்கிறேன்.

ஓர் ஆறுதல் பரிசும் கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 6, 110, 10100 என்று அந்தப் பின்னங்களின் கீழே நின்ற எண்கள் எல்லாம் அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கமாக இருப்பதைப் பார்த்து, 2, 6, 12, 20, 30 என்று நீல் ஸ்லோனின் எண்தொடர்க் களஞ்சியத்தில் தட்டினேன். ஏ002378 என்ற அடையாள எண்ணோடு தொடரின் ஜாதகமே வந்து விழுந்தது. அந்த மனிதர் 1964-இல் மாணவராக இருந்தபோது அட்டைகளில் எழுதத் தொடங்கி, 1973-இல் 2,372 தொடர்களைப் புத்தகமாக்கி, 1996-இல் இணையத்தில் ஏற்றினார். இப்போது 3,70,000-க்கும் மேல். இரவு இரண்டு மணிக்கு அதைப் படித்துக்கொண்டிருந்தவனைச் சரோஜா விளக்கை அணைத்துத் தூங்கவைத்தாள்.

ஆனால் தூங்கவில்லை. 34 வருடம் கருவூலத்தில் நான் பார்த்த வேலை என்ன? பட்டியலைக் கையில் வாங்கியதும் தொகையைப் பார்ப்பதில்லை. எந்த விதியின்கீழ், யார் ஒப்பளித்தது, சான்று இணைக்கப்பட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்போம். தொகை காசுக்குக் காசு சரியாக இருந்தாலும் விதி தவறென்றால் சிவப்பு மையில் ஆட்சேபணை எழுதித் திருப்பிவிடுவேன். என்னைச் சபிக்காத தலைமை ஆசிரியர் இந்த மாவட்டத்தில் இல்லை என்பது உனக்கே தெரியும். அப்படிப்பட்டவன், முடிவு சரி, காரணம் தவறு என்ற ஒரு பட்டியலைத் தனக்குத் தானே பாஸ் செய்துகொண்டேன். தேர்விலும் அது மாட்டவில்லை, ஏனென்றால் அங்கே சரியான விடையைச் சொடுக்கினால் போதும். எந்த வழியில் வந்தாய் என்று கேட்க ஆளில்லை. காணொளி வகுப்பில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுகிற பேராசிரியர், இது தெளிவுதானே என்று கேட்டுவிட்டு எனக்காகத் தாமே தலையையும் ஆட்டிவிடுகிறார். நம் கட்டைப்பேனா சாராக இருந்திருந்தால் அந்த மூன்றாம் வரிக்குப் பக்கத்தில் ‘ஏன்?’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதி, நோட்டைத் தூக்கி என் மடியில் எறிந்திருப்பார்.

இதற்கும் இணையத்தில் மருந்து உண்டா என்று தேடியதில் ஒன்று அகப்பட்டது. லீன் என்றொரு மொழி. அதில் நிரூபணத்தை எழுதினால் இயந்திரம் வரிக்கு வரி சரிபார்க்கிறது. அதைப் பழக்குவதற்காகக் கணிதப் பேராசிரியர் கெவின் பஸ்ஸார்டும் அவர் மாணவரும் இயல் எண்களை வைத்து ஒரு விளையாட்டுச் செய்திருக்கிறார்கள். n-உடன் 0-ஐக் கூட்டினால் n என்பது அங்கே வரையறை. ஆனால் 0-உடன் n-ஐக் கூட்டினால் n என்பதை நீ நிரூபித்தே ஆகவேண்டும், அதற்கு, ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு ஏறும் தொகுத்தறிதல் இல்லாமல் நடக்காது. இதில் நிரூபிக்க என்ன இருக்கிறது என்று எரிச்சலாகி, விடாமல் ஒரு மாலை முழுக்க முட்டி, கடைசியில் அது ஏற்றுக்கொண்டபோது, எழுந்து நின்று கைதட்டாத குறை. சிவப்பு எழுத்தில் அது ஆட்சேபிக்கும் விதம் எனக்குப் பழகிய கருவூல வாசனை. இருந்தாலும், ஏற்கமாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு, எங்கே நீ நினைக்கத் தவறினாய் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. டெல்டாவுக்கு நான் போய்ச் சேர இன்னும் எத்தனை மாலை ஆகுமோ.

என் கதை போகட்டும், எனக்கு இது பொழுதுபோக்கு. எதிர்வீட்டுப் பெண் எம்.எஸ்ஸி. முதல் வருடம் படிக்கிறாள். அவள் கைப்பேசியில் நான் பெயர்கூடக் கேட்டிராத புத்தகங்கள் நானூறு இருக்கின்றன. ஒரு கணக்கைக் கொடுத்தால் அதை யார் எந்த நிமிடத்தில் விளக்குகிறார் என்று உடனே காட்டுகிறாள். நீயே ஒன்று எழுதிக் காட்டம்மா என்றேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, ‘நான் எழுதினதை யாரும் இதுவரைக்கும் படிச்சதில்ல தாத்தா’ என்றாள். அவளுக்கு ஐந்து வருடப் படிப்பில் நான்கு வருடம் முடியப்போகிறது. கணிதப் பேராசிரியர் குமரேசன் 1993-இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடை முகாமைப் பற்றிச் சொல்லி விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே பிள்ளைகளைக் குடைந்து குடைந்து கேட்டு யோசிக்கவைப்பார்கள். இடம் கிடைத்தாலும் அது நான்கு வாரம். மீதி நாளுக்கு என்ன செய்வது?

எனவே உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். 31 வருடம் கல்லூரியில் கணிதம் நடத்திவிட்டுக் கோயம்புத்தூரில் மாடித்தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாய். கத்தரிக்காய் ஒரு வாரம் காத்திருக்கும். இத்துடன் இரண்டு தாள் இணைத்திருக்கிறேன். முதல் தாள் அதே தேற்றம், புது நிரூபணம். இந்த முறை, மூடிய இடைவெளியை மூட முடிவுள்ள எண்ணிக்கையிலான அண்டைப் பகுதிகளே போதும் என்ற ஹைனே-போரல் தேற்றத்தால் முடிவுள்ள எண்ணிக்கையிலான டெல்டாக்களுக்கு வந்தபிறகே சிறியதைத் தேர்ந்திருக்கிறேன். அண்டைப் பகுதி ஒவ்வொன்றையும் முதலிலேயே பாதியாகக் குறுக்க வேண்டும் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது, உறைத்த இடத்தில் அடித்துத் திருத்தியிருப்பது தெரியும். சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் மார்ச்சிலும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் தாள் அந்தப் பெண்ணுடையது. மூடிய இடைவெளியைப்போல இந்தக் குணம் உள்ள ஒரு காம்பாக்ட் கணத்தின் தொடர்ச்சியான பிம்பமும் காம்பாக்ட் என்பதை எழுதியிருக்கிறாள். அதை நான் திருத்தவில்லை. எழுத்து அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பாதே. தாளிலேயே சிவப்பு மையில் எழுதித் தபாலில் திருப்பு. என் தாளில் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய். அவள் தாளில் வேண்டாம், அங்கே ‘ஏன்?’ மட்டும் போதும். சுயமுகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது.

உன்,
ராமசுப்பு

பி.கு.: பேத்திக்கு எடுத்து வைத்த பாவாடைத் துணியைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூட்டுவலி என்று உன் வீட்டில் சொன்னதை அப்படியே இருக்க விடு.