இங்கேயும் ஒரு மணி இருக்கிறது

ஹிரோஷிமா,
20.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கயல் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாளா? தினமும் போனில் பேசினாலும் கடிதம் எழுதச் சொல்கிறீர்களே என்று முன்பெல்லாம் நினைப்பேன். இந்த முறை எனக்கே எழுதத் தோன்றியது. மே மாதம் பாகிஸ்தான் எல்லையில் ட்ரோன்கள் பறந்த செய்தியைப் பார்த்துவிட்டு, "நீ செய்யும் வேலையால் நாளைக்கு யாராவது சாவார்களா கயல்?" என்று கேட்டீர்கள். அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். மழை முடிந்து வெயில் கொளுத்துகிறது. நம் திருவாரூர் வெயிலைவிடப் புழுக்கம் அதிகம். பகல் முழுக்கச் சில்வண்டுச் சத்தம். இதுவும் டெல்டாதான் அப்பா. ஓட்டா என்ற நதி ஆறாகப் பிரிந்து ஊருக்குள் ஓடுகிறது, எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாலம். அரிசி குழைந்து ஒட்டிக்கொள்ளும். தயிர்சாதத்துக்குச் சரி, புளியோதரைக்கு ஆகாது. வேலைக்கு டிராமில் போகிறேன். அணுகுண்டு விழுந்து மூன்றே நாளில் இந்த டிராம் ஒரு தடத்தில் மறுபடி ஓடியதாம். ஏறும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். உதிரி பாகங்கள் கேமராவுக்கு முன்னால் வரிசையாகப் போகும். எது சரி, எதில் கீறல் என்று ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு பார்த்துப் பிரிக்கும். அதற்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது என் குழு. எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. இயந்திரம் ஒதுக்கியதை ஒரு ஆள் கையில் எடுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தூக்கிப் போடுவார்கள். முதலில் இது வீண் வேலை என்று நினைத்தேன். ஒரு நாள் நல்ல பாகங்கள் நாற்பதை இயந்திரம் ஒதுக்கிவிட்டது. விளக்கின் நிழல் விழுந்ததை அது கீறல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கையெழுத்து இருந்ததால் தப்பித்தோம். பாகம் என்றால் போகட்டும். இதே பார்வையை ஒரு ட்ரோனில் வைத்து, கீழே நிற்பவன் எதிரியா, விறகு சுமக்கும் ஆளா என்று பிரிக்கச் சொன்னால்? உங்கள் கேள்வி என்னைத் தூங்கவிடாததற்கு அதுதான் காரணம்.

எனக்கு ஜப்பானிய மொழி சொல்லித்தரும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். எழுபது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். இன்று காலை என்னை அமைதிப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போன வருடம் ஜூலை 9, 10 தேதிகளில் இதே ஊரில் உலக மதத் தலைவர்கள் கூடி ஏஐ பற்றிப் பேசியதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 13 நாடுகள், 11 மதங்கள். நாம் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்றைச் சொல்லிப் பழகியவர்கள். இங்கே பௌத்தர், யூதர், பார்சிகளின் ஜரதுஷ்டிர மதத்தவர், பஹாய்கள் எல்லோரும் வந்திருக்கிறார்கள்.

கடைசி நாள் இந்தப் பூங்காவிலேயே ஏஐயை அறத்தோடு உருவாக்க வேண்டும் என்ற 'ரோம் அழைப்பு' உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். வத்திக்கானின் உயிருக்கான கழகம் 2020 பிப்ரவரியில் தொடங்கி வைத்தது அது. மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் அப்போதே கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள். அதில் ஆறு கொள்கைகள். எனக்கு நெஞ்சில் நிற்பது ஒன்றுதான்: இயந்திரம் செய்ததற்கு எப்போதும் ஒரு மனிதர் பொறுப்பேற்க வேண்டும். ஹிரோஷிமா கூட்டத்துக்கு முந்தைய மாதம் இத்தாலியில் நடந்த ஜி7 மாநாட்டில் போப் பிரான்சிஸும், மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த இயந்திரமும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"மதங்களே சண்டை போடுகின்றன, அவை சொன்னால் யார் கேட்பார்கள்?" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. எனக்கும் அந்த எண்ணம் வந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தை வத்திக்கானோடும் ஜப்பானியரோடும் சேர்ந்து நடத்தியவர்களில் யூத குருமார்களான இஸ்ரேல் தலைமை ரபிகளின் ஆணையமும் முஸ்லிம்களின் அபுதாபி அமைதி மன்றமும் உண்டு. காஸாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது இவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. அது கையெழுத்து, சட்டம் இல்லை. மீறினால் தண்டனை கிடையாது. மனிதக் கட்டுப்பாடு இல்லாமல் கொல்லும் ஆயுதங்களைத் தடைசெய்ய 2026க்குள் நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் கேட்டிருக்கிறார். அது நடந்தால்தான் எனக்குக் கொஞ்சமாவது நிம்மதி.

நீங்கள் இன்னொன்றும் கேட்பீர்கள். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு இங்கே குண்டு போட்டது இயந்திரமா, மனிதன்தானே? ஆமாம் அப்பா, மனிதர்கள்தான். மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'டி' மாதிரி தெரியும் அயோய் பாலத்தைக் குறிவைத்தார்கள். குண்டு கொஞ்சம் தள்ளி ஒரு மருத்துவமனைக்கு மேலே வெடித்தது. மனிதன் இருந்தால் கொலை நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் உத்தரவு போட்டார், யார் விசையை அழுத்தினார் என்று 80 வருடம் கழித்தும் பெயர் சொல்லிக் கேட்க முடிகிறது. விறகு சுமந்தவரைக் கொன்ற கேமராவை யாரிடம் கொண்டுபோய்க் கேட்பது?

பூங்காவில் தாமரைக் குளத்துக்கு நடுவே பெரிய வெண்கல மணி ஒன்று தொங்குகிறது. 1964இல் வைத்தது. மேலே உலகப் படம் செதுக்கியிருக்கிறார்கள், அதில் எல்லைக் கோடுகளே இல்லை. அடிக்கிற இடத்தில் அணுவின் குறி. கயிற்றில் தொங்கும் மரக்கட்டையை இழுத்து யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், காவல் கிடையாது. குண்டில் வெந்தவர்கள் புண்ணின் மேல் தாமரை இலையைப் போட்டுக்கொண்டார்களாம், அந்த அம்மா சொன்னார். கமலாலயக் கரையில் வளர்ந்த எனக்கு அதைக் கேட்டதும் பேச்சு வரவில்லை.

அப்போது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் பக்கம் கல் தேரைப் பார்த்தது ஞாபகம் வந்தது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, மனுநீதிச் சோழன் தன் மகன் மேலேயே தேரை ஏற்றினான். சிறு வயதில் அந்தக் கதை எனக்குப் பயமாக இருக்கும். அந்த அம்மாவுக்கு அதைச் சொல்லி முடித்தபோது என் வாயிலிருந்து தானாக வந்தது: "இயந்திரத்துக்கு மகன் இல்லை." அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு என் கையையும் சேர்த்துக் கயிற்றை இழுத்தார்.

உங்கள் கேள்விக்கு இப்போது என் பதில் இதுதான். நான் கற்றுக்கொடுக்கும் பார்வையை நாளைக்கு யார் எதற்கு எடுத்துக்கொள்வார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நாளை காலை குழுக் கூட்டம் இருக்கிறது. கையெழுத்துப் போடும் ஆளை எடுத்துவிட்டால் வேகம் கூடும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லப் போகிறேன், அந்த நாற்பது பாகங்களின் படத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது கல் தேர் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அந்த அம்மா பார்க்க ஆசைப்படுகிறார். அம்மாவிடம் வடகம் அனுப்பச் சொல்லுங்கள், காரம் கூடுதலாக.

அன்பு மகள்,
கயல்விழி